விளங்காத பாட்டும் விளங்கிய வழக்கும்
சிசாக்கோவின் 'பமாக்கோ' திரைப்படத்தை முன்வைத்து

'பமாக்கோ' படம் தொடங்கிச் சற்று நேரத்திலேயே வயதான விவசாயி ஒருவர் சாட்சி சொல்லும் இடத்தை நோக்கி நடந்து வருகிறார். நீதிமன்றம் என்று அங்கே கட்டடம் ஒன்றும் இல்லை. மாலி நாட்டின் தலைநகரில் பல குடும்பங்கள் சேர்ந்து வாழும் ஒரு வளவு. அதன் முற்றத்தில் மேசையும் கதிரைகளும் போட்டு, அங்கி அணிந்த நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் இருக்கிறார்கள். கிழவர் கதைக்கத் தொடங்குகிறார். உங்கள் முறை இன்னும் வரவில்லை, கூப்பிடும்போது வாருங்கள் என்று தடுத்து உட்காரவைக்கிறார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை. படம் முடிவை நெருங்கும்போது யாரும் கூப்பிடாமலே எழும்பி வருகிறார். இந்த முறை அவர் கதைக்கவில்லை, பாடுகிறார். பாட்டு, ஒப்பாரி, ஏச்சு மூன்றும் கலந்த ஏதோ ஒன்று. முற்றம் முழுவதும் அசையாமல் கேட்டுக்கொண்டிருக்கிறது. திரையின் அடியில் சப்டைட்டில் ஒரு வரிகூட வராது.

2006இல் கான் விழாவில் இப்படம் காட்டப்பட்ட நாளிலிருந்து அதைப் பற்றி எழுதியவர்கள் பலரும் இந்தக் காட்சியில் வந்து நின்றிருக்கிறார்கள். மொழிபெயர்க்க முடியாத துயரம், சொல்லைத் தாண்டிய நீதிக்குரல் என்றெல்லாம் பாராட்டியிருக்கிறார்கள். இங்கே பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளைகள் கணினியில் பார்த்தால் சப்டைட்டில் கோப்பு பழுதாகிவிட்டது என்றுதான் முதலில் நினைப்பார்கள். பழுது அல்ல, அது இயக்குநரின் தேர்வு. நல்ல தேர்வா என்பதுதான் என் கேள்வி. படம் நல்ல படம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அப்படிப்பட்ட படத்திடம்தான் இப்படி ஒரு கேள்வியைக் கேட்கவும் முடியும்.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அப்டரஹ்மான் சிசாக்கோ மொரித்தானியாவில் பிறந்து, மாலியில் வளர்ந்து, மொஸ்கோவில் திரைப்படம் படித்தவர். படத்தில் வரும் வளவு அவருடைய தகப்பனின் வீடு. அந்த முற்றத்தில் அவர் ஒரு கற்பனை வழக்கை நடத்துகிறார். முறைப்பாட்டுக்காரர் ஆப்பிரிக்க மக்கள். எதிராளிகள் உலக வங்கியும் சர்வதேச நாணய நிதியமும். வழக்கு கற்பனை என்றாலும் வழக்கறிஞர்கள் நிஜமானவர்கள். மக்கள் தரப்பில் பிரெஞ்சு வழக்கறிஞர் வில்லியம் பூர்தோனும் செனகலைச் சேர்ந்த அய்சாத்தா தால் சாலும் வாதாடுகிறார்கள். வங்கியின் பக்கம் ரோலான் ரப்பபோர். சாட்சிகளும் தங்கள் வாயால் தங்கள் கதையைத்தான் சொல்கிறார்கள். எழுத்தாளரும் முன்னாள் கலாசார அமைச்சருமான அமினாத்தா திராவோரே, ஆப்பிரிக்காவின் சிக்கல் அதன் வறுமை அல்ல, அதன் செல்வம்தான் என்று வாதிக்கிறார். ஓர் இளைஞன் சஹாராவைக் கடக்கப் போய்த் திரும்பிய கதையைச் சொல்கிறான். முன்னாள் ஆசிரியர் ஒருவர் வந்து நின்று தன் பெயரைச் சொல்கிறார். அதன் பிறகு அவரால் வாய் திறக்க முடியவில்லை. அப்படியே திரும்பிப் போய்விடுகிறார்.

வழக்கு நடக்க, வளவின் வாழ்க்கையும் நடக்கிறது. பெண்கள் துணிக்குச் சாயம் தோய்க்கிறார்கள். ஒரு குழந்தை காய்ச்சலில் கிடக்கிறது. மெலே என்ற பாடகி வேலைக்குப் போகிறாள், வருகிறாள். அவளுக்கும் கணவன் ஷாக்காவுக்கும் இடையில் பேச்சு அற்றுக்கொண்டிருக்கிறது. வெளியே ஒலிபெருக்கியில் வழக்கைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கும் ஒரு கட்டத்தில் அலுத்துப்போகிறது. இரவில் தொலைக்காட்சியில் ஒரு கௌபாய் படம் ஓடுகிறது. டானி குளோவர் குதிரையில் வருகிறார், சிசாக்கோவும் வேறு பெயரில் அதில் நடிக்கிறார். சுடப்பட்டு விழுவது ஆப்பிரிக்கர்கள், சுடுபவர்களில் எல்லா நிறத்தவரும் உண்டு. இந்தக் குறும்பு எனக்குப் பிடித்தது. வழக்கின் ஒற்றைத் தன்மையைப் படமே கேலி செய்துகொள்ளும் இடம் அது.

இனி என் முறைப்பாட்டுக்கு வருகிறேன். மாலியின் விவசாயியைப் பாடவைத்ததில் எனக்குக் குறை இல்லை. அவரை *மட்டும்* பாடவைத்ததில்தான் குறை. படத்தில் கணக்குச் சொல்பவர்கள் எல்லாரும் படித்தவர்கள். கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு, கல்விக்கும் சுகாதாரத்துக்கும் எவ்வளவு வெட்டப்பட்டது, டக்கார் - நைஜர் ரயில் பாதை தனியார் கைக்குப் போனதால் எந்தெந்த ஊர்களில் ரயில் நிற்பதில்லை என்று அவர்கள் பிரெஞ்சு மொழியில் அடுக்குகிறார்கள். மண்ணிலிருந்து வந்தவருக்கு மட்டும் கணக்கு இல்லை, குரல் மட்டும்தான். பார்ப்பவர் அவருக்காக அழலாம். அவரோடு வாதாட முடியாது, அவர் சொன்னதைச் சரிபார்க்க முடியாது, அவர் கேட்டது கிடைத்ததா என்று பிறகு விசாரிக்கவும் முடியாது.

உண்மையில் மாலியின் விவசாயி நெடுங்காலமாகக் கணக்குத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார். இதைச் சொல்லப் பருத்தியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசவேண்டும். படத்தின் மையத்தில் பருத்தி இல்லை. ஆனால் மாலியின் தெற்கே சிக்காசோ, கூத்தியாலா பக்கத்தில் உள்ள ஒரு விவசாயி ஒரு நீதிமன்றத்துக்கு வந்து நின்றால், அவர் முதலில் எடுக்கும் சொல் பருத்தியாகத்தான் இருக்கும்.

1974இல் மாலி அரசும் பழைய பிரெஞ்சுப் பருத்திக் கம்பனியும் 60க்கு 40 பங்காகச் சேர்ந்து ஒரு நிறுவனத்தைத் தொடங்கின. பிரெஞ்சு முதலெழுத்துகளால் அதைச் செ.எம்.டே.தே என்பார்கள். விதையும் உரமும் கடனுக்குக் கொடுப்பது அது. விளைந்த பருத்தியை முன்கூட்டியே அறிவித்த விலைக்கு வாங்குவதும் அது. கிராமத்துக்குப் பாதை போட்டதும் அதுவே. சந்தை, வங்கி, அரசு மூன்றும் அந்தப் பகுதியில் ஒரே ஆள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட ஆள் தராசையும் தானே வைத்திருந்தான். 1970களின் நடுப்பகுதியில் கூத்தியாலாப் பக்கத்து விவசாயிகள் நிறுவையில் ஏமாற்றுகிறார்கள் என்று கிளம்பினார்கள். அதன் விளைவாக நிறுக்கும் வேலை கிராமச் சங்கங்களின் கைக்கு வந்தது. நிறுத்ததை எழுதி வைக்க ஆள் வேண்டும் என்பதற்காகப் பம்பரா மொழியில் எழுத்தறிவு வகுப்புகள் நடந்தன. அந்த ஊர்களில் தாய்மொழி எழுத்து இலக்கியத்தின் வழியாக வரவில்லை, தராசின் வழியாக வந்தது. சப்டைட்டில் இல்லாத கிழவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது இந்த வகுப்புகள்தான்.

1994 ஜனவரியில் பிராங் நாணயத்தின் மதிப்பை ஒரேயடியாகப் பாதியாகக் குறைத்தார்கள். நகரத்தில் அரிசியும் மருந்தும் விலையேறின. பருத்தி விதைத்தவர்களுக்கோ சில நல்ல வருடங்கள் கிடைத்தன, அதனால் இன்னும் அதிகமாக விதைத்தார்கள். பிறகு உலக விலை சரிந்தது. கம்பனிக்குள் ஊழலும் நட்டமும் வெளியே வந்தன. விவசாயிக்குத் தரும் விலை குறைந்தது, உரத்தின் விலை குறையவில்லை. 2000ஆம் ஆண்டு விதைப்புக் காலத்தில் மாலி விவசாயிகள் செய்த காரியம் உலகச் செய்திகளில் பெரிதாக வரவில்லை. ஆயிரக்கணக்கானோர் பருத்தி விதைக்க மறுத்துவிட்டார்கள். சோளமும் தினையும் போட்டார்கள். நாட்டின் பருத்தி விளைச்சல் ஏறத்தாழ பாதியாக விழுந்தது. அந்நியச் செலாவணிக்குப் பருத்தியை நம்பியிருந்த நாட்டில் அதற்கு மேல் உரத்துப் பேச முடியாது. அரசுக்கு விளங்கியது. அடுத்த பருவத்துக்குக் கிலோவுக்கு 200 பிராங் தருவதாக அறிவித்தார்கள், விவசாயிகள் திரும்பி வந்தார்கள், அதுவரை இல்லாத விளைச்சல் கண்டது.

கணக்கு அங்கே முடிந்திருந்தால் நல்ல கதை. ஆனால் அதே 2001இன் பிற்பகுதியில் நியூயோர்க், லிவர்பூல் விலைப் பட்டியல்களில் பருத்தி பவுணுக்கு 40 அமெரிக்க சதத்துக்கும் கீழே போனது. பல பத்தாண்டுகளில் அவ்வளவு கீழே போனதில்லை. மாலியின் விவசாயி தன் அரசிடம் வென்ற விலையை உலகச் சந்தை பிடுங்கிக்கொண்டது. அந்தச் சந்தையில் மிகப் பெரிய ஏற்றுமதியாளர் அமெரிக்கா. அமெரிக்க விவசாயிக்கு 40 சதம் என்பது ஒரு செய்தி மட்டுமே. அவருக்கு அரசு உறுதி செய்த அடிமட்டம் பவுணுக்கு 52 சதம், அதற்கு மேலே வேறு கொடுப்பனவுகளும் உண்டு. விலை விழுந்தால் குறைவாக விதைக்கவேண்டும் என்ற சந்தைப் பாடம் டெக்சாஸ் வரை போய்ச் சேரவில்லை. ஒக்ஸ்பாம் 2002இல் வெளியிட்ட அறிக்கையின் கணக்குப்படி 2001-02 பருவத்தில் அமெரிக்காவின் ஏறக்குறைய 25,000 பருத்தி விவசாயிகளுக்குக் கிடைத்த மானியம் 390 கோடி டொலர். பக்கத்து நாடான புர்க்கினா பாசோவின் முழு ஆண்டு தேசிய வருமானத்தை விட அது பெரியது.

இந்த இடத்தில் 'சீர்திருத்தம்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். மாலியிடம் கேட்கப்பட்ட சீர்திருத்தம், பருத்திக் கம்பனியைத் தனியாருக்கு விற்று, நிலையான விலையைக் கைவிட்டு, உலக விலையை விவசாயி நேரே சந்திக்கவேண்டும் என்பது. உலக வங்கி அதை விடாமல் வற்புறுத்தியது. மாலி இழுத்தடித்தது, கம்பனியை முழுதாக விற்கவில்லை. விலையை மட்டும் விட்டுக்கொடுத்தது. 2005இல் வந்த ஒப்பந்தம் விவசாயியின் விலையை உலக விலையோடு கட்டியது, அந்த ஆண்டே அது சறுக்கியது. அமெரிக்காவும் 1996 விவசாயச் சட்டத்தில் மானியத்தைச் சந்தையிலிருந்து பிரித்துப் படிப்படியாக விலகுவதாகச் சொன்னது. விலை விழுந்ததும் அவசர உதவி என்ற பெயரில் பணம் கொட்டியது, 2002 சட்டத்தில் அதை நிரந்தரமாக்கிக்கொண்டது. இருவரும் சீர்திருத்தம் செய்தார்கள். ஒருவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றவேண்டியிருந்தது.

எங்கள் ஊர் வெங்காயமும் மிளகாயும் இதை எழுதும்போது மறுபடி மறுபடி குறுக்கே வருகின்றன. 1970 முதல் 1977 வரை சிறிமாவோ அரசு அந்நியச் செலாவணி இல்லாமல் இறக்குமதியை இறுக்கிப் பிடித்தபோது யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரனுக்கு விடிந்தது. விசுவமடுவுக்கும் முத்தையன்கட்டுக்கும் மிளகாய் போடப் போன இளைஞர்களின் கதை இன்று எழுபதைத் தொட்டவர்களிடம் இன்னும் இருக்கிறது. அதே காலத்தில் கொழும்பில் பாணுக்கு வரிசையில் நின்றவர்களின் கதையும் உண்டு. அதை நாங்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. 1977இல் ஜே.ஆர். கதவைத் திறந்ததும் வெளிநாட்டு மிளகாய் வந்து இறங்கியது. அதன் பிறகு வந்த வருடங்களை யுத்தத்தின் கதையாகத்தான் எங்கள் இலக்கியம் பெரும்பாலும் எழுதியது. சந்தையில் விலை விழுந்த தோட்டக்காரன் அந்தக் கதைக்குள் வருகிறான். விலை விழுந்ததற்காக அல்ல, மகனைப் பறிகொடுத்ததற்காக. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. வெங்காய விலையைப் பற்றி ஒரு நல்ல நாவல் எழுதுவது எவ்வளவு கடினம் என்பதைச் சிசாக்கோவின் கிழவர் எனக்கு நினைவூட்டுகிறார் என்றுதான் சொல்கிறேன்.

மாலிக்குத் திரும்புவோம். 2003 மே மாதம் பெனின், புர்க்கினா பாசோ, சாட், மாலி ஆகிய நான்கு நாடுகளும் சேர்ந்து ஜெனீவாவில் உலக வர்த்தக நிறுவனத்திடம் ஒரு மனு கொடுத்தன. அங்கே 'பருத்தி நால்வர்' என்று அவர்களுக்குப் பெயர் வந்தது. எங்கள் சனம் ஆண்டுதோறும் பதாகைகளோடு கூடும் ஐ.நா. முன்றலில் இருந்து, அந்த உடைந்த கதிரைச் சிலையடியில் இருந்து, ஏரிப்பக்கமாக நடந்து போகும் தூரத்தில்தான் அந்தக் கட்டடம் இருக்கிறது. மனுவில் ஒப்பாரி இல்லை. அவர்கள் கேட்டவை இரண்டு: பருத்தி மானியங்களைக் குறிப்பிட்ட காலத்துக்குள் நிறுத்துங்கள், நிறுத்தும் வரைக்கும் எங்களுக்கு ஏற்படும் நட்டத்துக்கு ஈடு தாருங்கள். ஜூன் மாதம் புர்க்கினா அதிபர் பிளேஸ் கொம்பாவோரே நேரில் வந்து பேசினார். ஜூலையில் அவரும் மாலி அதிபர் அமாது துமானி தூரேயும் நியூயோர்க் டைம்ஸ் நாளிதழில் சேர்ந்து கட்டுரை எழுதினார்கள். பிச்சை கேட்கவில்லை, நீங்கள் போட்ட விதியை நீங்களே பின்பற்றுங்கள் என்பதுதான் அதன் சாரம். இதைச் சொன்ன கொம்பாவோரே ஆட்சிக் கவிழ்ப்பில் பதவிக்கு வந்தவர், ஜனநாயகப் பிரியர் அல்லர். ஒரு வாதம் சரியாக இருப்பதற்குச் சொல்பவர் நல்லவராக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லைதானே.

செப்டம்பரில் மெக்சிகோவின் கன்கூன் நகரில் அமைச்சர்கள் கூடினார்கள். நிறுவனத்தின் தலைமை இயக்குநர் சுப்பாச்சாய் தானே பருத்திப் பிரேரணையை அறிமுகம் செய்து வைத்தார். அது வழக்கத்தில் இல்லாத மரியாதை. பிறகு வந்த வரைவு அறிக்கையில் மானியத்துக்குக் காலக்கெடு இல்லை, நட்டஈடும் இல்லை. அதற்குப் பதிலாக, பருத்தியை நம்பியிருக்கும் நாடுகள் வேறு தொழில்களுக்கு மாற, இருக்கின்ற நிதிகளைத் திருப்பிவிடுவது பற்றிச் சர்வதேச நிதி நிறுவனங்களோடு ஆலோசிக்கலாம் என்று ஒரு பந்தி இருந்தது. அதாவது, உங்கள் பருத்தி நட்டத்தில் போனால் பருத்தியை விட்டுவிடுங்கள், அதற்கான புத்தியை உலக வங்கியிடம் கேளுங்கள். மாநாடு செப்டம்பர் 14ஆம் தேதி உடைந்ததற்கு இது மட்டும் காரணம் அல்ல, முதலீட்டு விதிகள் பற்றிய சண்டையும் இருந்தது. ஆனால் ஆப்பிரிக்க அணியினர் அந்தப் பந்தியை வாசித்த பிறகு அங்கே மிச்சம் இருந்த நம்பிக்கையும் போய்விட்டது.

பிரேசில் வேறு வழியில் போனது. மனுக் கொடுக்காமல் வழக்குப் போட்டது. 2002இல் தொடங்கிய வழக்கில் 2004இலும், மேன்முறையீட்டில் 2005இலும் வென்றது. அமெரிக்க மானியம் உலக விலையை அமுக்கியது என்பது எழுத்தில் தீர்ப்பாக வந்தது. பதிலுக்கு அமெரிக்கப் பொருள்களுக்குத் தீர்வை போடவும், காப்புரிமையில் கை வைக்கவும் பிரேசிலுக்கு உரிமை கிடைத்தது. அமெரிக்காவின் செவியில் அது ஏறியது. 2010இல் வருடத்துக்கு 14.73 கோடி டொலர் பிரேசிலின் பருத்தி விவசாயிகளுக்குத் தருவதாக உடன்பட்டது. 2014இல் 30 கோடி டொலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. தன் விவசாயிக்குக் கொடுக்கும் மானியத்தை நிறுத்துவதைவிட அடுத்த நாட்டு விவசாயிக்கும் சேர்த்துக் கொடுப்பது அரசியலில் எளிது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சம்பவம் எனக்குத் தெரியாது. பெனினும் சாடும் அதே வழக்கில் மூன்றாம் தரப்பாக இருந்தன. அவர்களுக்கு அந்தப் பணத்தில் பங்கில்லை. தீர்வை போட்டுப் பழிவாங்குவதென்றால் அமெரிக்காவுக்கு வலிக்கும் அளவுக்கு அமெரிக்கப் பொருள் வாங்குகிற நாடாக இருக்கவேண்டும். சாட் அப்படிப்பட்ட நாடு அல்ல.

2005 ஹொங்கொங், 2015 நைரோபி மாநாடுகளில் ஏற்றுமதி மானியம் பற்றி முடிவுகள் வந்தன. உள்நாட்டு மானியம், அதாவது பணத்தின் பெரும்பகுதி, இன்னும் பேச்சிலேயே இருக்கிறது. இடையில் சீனாவும் பெரிய மானியக்காரராகிவிட்டது, கணக்கு இன்னும் சிக்கலாகிவிட்டது. நால்வரின் முயற்சியால் 2019இல் ஜெனீவாவில் 'உலகப் பருத்தி நாள்' தொடங்கப்பட்டது, பிறகு ஐ.நா.வும் அதை ஏற்றது. ஒக்டோபர் 7. நட்டஈடு கேட்டவர்களுக்குக் கலண்டரில் ஒரு நாள் கிடைத்தது.

இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டு மறுபடி அந்தப் பாட்டைக் கேளுங்கள். படம் எங்களை நம்பவைக்கும் துயரம், இவர் சொல்வது யாருக்கும் விளங்கவில்லையே என்பது. பருத்தியின் கதையில் நடந்தது அதற்கு நேர் எதிர். எல்லாருக்கும் விளங்கியது. சொன்னது பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் எண்ணிலும் சட்டத்திலும் இருந்தது. உலக வங்கிக்கும் விளங்கியது. சிசாக்கோ கூண்டில் நிறுத்திய அதே வங்கியின் தலைவர் வுல்பென்சோனும் முதன்மைப் பொருளியலாளர் நிக்கலஸ் ஸ்டேர்னும் அந்த வருடங்களில் பணக்கார நாடுகளின் விவசாய மானியத்தை வெளிப்படையாகக் கண்டித்தார்கள். கண்டித்துவிட்டு, மாலியிடம் மட்டும் அழுத்தினார்கள். ஏனென்றால் மாலிக்குத்தான் கடன் கொடுத்திருந்தார்கள். வங்கியின் மேல் உள்ள உண்மையான குற்றச்சாட்டு அது என்று நான் நினைக்கிறேன். அறியாமை அல்ல, கொடுமைக்கார மனமும் அல்ல. கைக்கு எட்டியவனை மட்டும் திருத்துகிற பழக்கம். பூர்தோன் தன் தொகுப்புரையில், வங்கிக்கு மனிதகுலத்துக்கான சமூகசேவையைத் தண்டனையாக விதிக்கக் கேட்கிறார். அரங்கில் கைதட்டல் விழும் வரி. ஆனால் அமெரிக்கக் காங்கிரசின் விவசாயக் குழுவோ செ.எம்.டே.தேயின் கணக்காளரோ அந்த முற்றத்தில் இல்லை. பருத்தி வழக்கின் மற்ற இரண்டு எதிராளிகள் அவர்கள்தான்.

எங்களில் பலருக்குச் சாட்சி சொல்லும் மேசை புதிதல்ல. பாரிசிலோ ஒஸ்லோவிலோ தொரொன்ரோவிலோ அகதி விசாரணை அறையில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் பக்கத்தில் இருக்க, நடந்ததைச் சொன்னவர்கள் நாங்கள். மொழிபெயர்ப்பு பிழைத்ததால் நிராகரிக்கப்பட்டவர்கள் உண்டு. அவர்களின் கதை எங்கள் எழுத்தில் நிறைய வந்துவிட்டது. சொன்னது எழுத்துப் பிசகாமல் மொழிபெயர்க்கப்பட்டு, நம்பவும் பட்டு, நீங்கள் கொழும்பில் போய் இருக்கலாம்தானே என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களும் உண்டு. இரண்டாவது ஆட்களின் கதை எழுதுவதற்குக் கடினம். அதில் எந்த மர்மமும் இல்லை, உருக்கமும் குறைவு. கேட்டவருக்கு விளங்கியது, கேட்டவர் இல்லை என்றார். கன்கூனின் அந்தப் பந்திக்கும் கொழும்பில் போய் இருங்கள் என்ற பதிலுக்கும் இலக்கணம் ஒன்றே.

சிசாக்கோவுக்காக ஒன்றைச் சொல்லவேண்டும். பாட்டுக்கு முன்னால் வந்துபோன அந்த ஆசிரியரின் மௌனம் இந்த இரண்டாவது கதைக்கு மிக அருகில் வருகிறது. அவருக்குப் பிரெஞ்சு தெரியும், கணக்கும் தெரிந்திருக்கும். முற்றம் அவருக்காகக் காத்திருக்கிறது. சொல்லிப் பயனில்லை என்று அவர் தீர்மானித்துவிட்டாரா, அல்லது எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லையா, படம் சொல்லவில்லை. பாட்டுக்குக் கிடைத்த புகழில் கால்வாசிகூட இந்தக் காட்சிக்குக் கிடைக்கவில்லை. எனக்கு இதுதான் படத்தின் நெஞ்சு. ஷாக்காவின் முடிவும் இதே வகையைச் சேர்ந்தது. கடைசிவரை அவன் அதிகம் பேசுவதில்லை. வங்கிக்கு எதிரான தீர்ப்பு வருவதற்குள் படம் அவனுடைய செத்தவீட்டுக்குள் போய்விடுகிறது. திருமணங்களையும் செத்தவீடுகளையும் படமெடுத்துப் பிழைக்கும் கமராக்காரன் அங்கேயும் வருகிறான்.

சாயத்துக்கு வருகிறேன். பல தடவை பார்த்த பிறகுதான் அந்தப் பெண்கள் மேல் என் கண் நின்றது. நீதிபதிகளின் முன்னால் ஈரத் துணியைத் தூக்கிக்கொண்டு குறுக்கே நடக்கிறார்கள், கயிற்றில் விரிக்கிறார்கள். வண்ணத்துக்காக வைத்த பின்னணி என்றே முதலில் நினைத்திருந்தேன். பமாக்கோவின் சாயப் பெண்கள் கைபட்ட பசான் துணி மேற்கு ஆப்பிரிக்கா முழுவதும் பேர்பெற்றது. பெருநாளுக்கும் கல்யாணத்துக்கும் அது இல்லாமல் முடியாது. அடித்து மினுக்கினால் கண்ணாடி மாதிரி பளபளக்கும். அதன் அடித்துணி பருத்தி. ஆனால் உயர்ந்த வகைப் பசான் நெய்யப்படுவது மாலியில் அல்ல. ஆஸ்திரியாவில், அல்ப்ஸ் மலையடிவாரத்துப் புளூடென்ஸ் நகரத்து ஆலையில் நெய்து, வெள்ளையாகக் கப்பலில் வருகிறது. மாலியில் விளையும் பருத்தியில் மிகச் சிறிய பங்குதான் மாலி ஆலைகளுக்குள் போகிறது. மற்றதெல்லாம் பஞ்சாகவே கட்டப்பட்டு வெளியே போய்விடுகிறது. படத்தில் அவர்கள் தோய்க்கும் துணி எந்த ஆலையில் நெய்தது என்று யாரும் கேட்பதில்லை. அடுத்த முறை பார்க்கிறவர்கள் கிழவர் பாடும்போது கயிற்றில் என்ன காய்கிறது என்று பாருங்கள்.